கீழ் ரப்பையின் நிறம்

"கொஞ்சம் பொறுங்க அம்மணி, நோவாதுங்க, பாத்துட்டு உட்டுடறேன்" என்று சொல்லிக்கொண்டே தம்பிதுரை பசுவின் தலையை இடது கக்கத்தில் அணைத்துக்கொண்டு, வலது பெருவிரலால் அதன் கண்ணின் கீழ் ரப்பையை இழுத்துப் பார்க்கிறார். விற்க வந்தவர் மடியைக் காட்டுகிறார். வாங்க வந்தவர் முதுகைத் தட்டிப் பார்க்கிறார். தம்பிதுரைக்கு இரண்டிலும் அக்கறையில்லை. ரப்பையின் உட்புறம் கொய்யாப்பழத்தின் உள்சதைபோல் சிவந்திருந்தால் தலையை ஆட்டுவார். வெளுத்திருந்தால் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "சீவனில்லீங்க. ஓட்டிட்டுப் போயி நல்லாத் தீனி போட்டு, அப்பறம் கூட்டிட்டு வாங்க" என்பார். அதற்குப் பிறகு அந்த மாட்டைப் பற்றிப் பேச்சே கிடையாது.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் ஒவ்வொரு தரகருக்கும் ஒரு வழி உண்டு. பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர் இருக்கிறார். சுழி பார்க்கிறவர் இருக்கிறார். சாணியைக் குச்சியால் கிளறி முகர்ந்து பார்க்கிறவரும் இருக்கிறார். ரப்பை என்றால் தம்பிதுரைதான். "பல்லு வயசச் சொல்லும், மடி பாலச் சொல்லும். உள்ளார ரத்தம் ஓடுதா, தண்ணி ஓடுதான்னு ரப்பைதானுங்க சொல்லும்" என்பது அவர் வாய்ப்பாடு. கேரளத்துக்கு மாடு பிடித்து அனுப்பும் மைதீன் பிச்சை அவருக்கு முப்பது வருடச் சிநேகிதர். புதிதாகச் சந்தைக்கு வருகிறவர்களிடம், "தொரையண்ணன் பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் ரப்பையத்தான் இழுத்துப் பாத்தாருங்க" என்று அவர் சொல்லாமல் விடுவதில்லை. தம்பிதுரையும் சளைக்காமல், "பாத்திருந்தா அவளக் கட்டியிருப்பனா பாய்? அவசரத்துல பல்ல மட்டும் பாத்துப்போட்டேன்" என்பார்.

ஆள் உயரம் குறைவு, கழுத்து கெட்டி. காதில் முடி. அறுபதை நெருங்கியும் ஒரு முழுச் சினைமாட்டை ஒற்றைக் கையால் வண்டியில் ஏற்றிவிடுகிறார். மாட்டை அடிப்பதில்லை, அதட்டுவதுகூட இல்லை. "வாங்க", "போங்க", "நில்லுங்க அம்மணி" என்று எல்லா மாட்டுக்கும் மரியாதைதான். முட்ட வந்த காளையிடம்கூட, "ஏனுங்க இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டதைப் பார்த்தவர்கள் உண்டு.

அந்த மரியாதையில் பாதியாவது வீட்டில் மருமகளுக்குக் கிடைத்ததா என்று கேட்டால், பதில் சொல்வது கொஞ்சம் சிரமம். அவமரியாதை ஒன்றுமில்லை. பேச்சே இல்லை. மாமனார் உள்ளே வந்தால் மருமகள் அடுப்படிக்குள் போய்விடுவதும், மாமனார் அவளிடம் சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்வதும் அந்தப் பக்கத்து வழக்கம். இப்போது நிறைய வீடுகளில் தளர்ந்துவிட்டது. தென்னந்தோப்புக்கு நடுவிலிருக்கும் தம்பிதுரை வீட்டில் தளரவில்லை. "அந்தப் புள்ளயச் சாப்பிடச் சொல்லு" என்று கூடத்திலிருந்து அவர் சொல்வார். மூன்று முழ தூரத்தில் வர்ஷினி நின்றுகொண்டிருப்பாள். அவர் மனைவி மாரியாத்தாள் அதை வாங்கி, "சாப்பிடுவியாமா கண்ணு" என்று திருப்பிச் சொல்வார். "அப்பறமாச் சாப்பிடறேனுங்க அத்தை" என்று பதில் வரும். அந்தப் பதிலை மறுபடி அவருக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லையென்றாலும் மாரியாத்தாள் சொல்லிவிடுவார். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அந்தப் பெண்ணின் முகத்தைத் தம்பிதுரை நேராக எத்தனை முறை பார்த்திருப்பார்? அவருக்கே சந்தேகம்தான்.

வர்ஷினி மேட்டுப்பாளையத்துப் பெண். பி.காம். அவள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். கணவன் அருண்குமார் கோவையில் ஒரு வார்ப்பட ஆலையில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை வருவான், திங்கள் விடியலில் போய்விடுவான். முதல் பிரசவம் அவள் அம்மா வீட்டில் நடந்தது. குழந்தை பெரிது, ஆயுதம் போட்டு இழுத்தார்கள். அந்தக் குழந்தை நடக்கப் பழகி, இன்னும் பால் மறக்காமல் இருக்கும்போதே அடுத்தது உண்டாகிவிட்டது. மேட்டுப்பாளையத்தில் அவள் அம்மாவுக்குக் கால் முறிந்து கம்பி வைத்திருந்ததால், இந்த முறை எல்லாம் இங்கேயே என்று ஆயிற்று.

அப்போதுதான் தம்பிதுரை அந்த வார்த்தையைச் சொன்னார். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, சந்தையில் சொல்கிற அதே உறுதியோடு, மாரியாத்தாளிடம் சொன்னார்: "மொத ஈத்துலயே பெருசாப் போயி இழுத்து எடுத்தாங்க. அந்த மாதிரி மாட்டுக்கு அடுத்த சினையில தீனியக் கட்டுப்படுத்தோணும். இல்லாட்டிக் கன்னு பெருத்துப் போயி வழியில நின்னுக்கும். நானு எத்தன பாத்துருக்கறேன்."

நல்லதுக்குத்தான் சொன்னார். சினைமாட்டுக்குக் கடைசி மாதங்களில் தவிடும் பிண்ணாக்கும் அள்ளிப் போட்டு, கன்று பெருத்து, நாலு பேர் கயிறு கட்டி இழுத்ததை அவர் கண்ணால் பார்த்தவர். மாரியாத்தாளும் முதல் பிரசவத்தன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் அலறலைக் கேட்டவர். சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை பெருத்துவிடும் என்று தோப்புக்கு வரும் பெண்களும் சொன்னார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரைகள் சாமி படத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தன. வர்ஷினி தேடவில்லை. முதல் நாலைந்து நாள் போட்டபோது குமட்டியது, வெளிக்குக் கறுப்பாகப் போனது. அதைவிட, அந்த ஆயுதத்தின் ஞாபகம் அவளுக்கும் இருந்தது. யாரும் அவளைத் தடுத்ததாகச் சொல்ல முடியாது. எல்லோரும் சேர்ந்து ஒரே பக்கமாகப் பயந்தார்கள்.

மாதங்கள் போயின. அவள் குடத்தோடு நாலு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்கினாள். அரிசி களையப் போகிறவள் பச்சரிசியை வாயில் அள்ளிப் போட்டு மென்றுகொண்டே இருந்தாள். "மருமக ஒரு மரக்கா அரிசியப் பச்சையாவே தின்னுபோட்டாங்க" என்று மாரியாத்தாள் சிரித்துக்கொண்டு சொன்னபோது தம்பிதுரையும் சிரித்தார். "மசக்கைல அப்படித்தான் இருக்கும்" என்றார். சுவரை நக்குகிற மாட்டையும், கயிற்றை மெல்லுகிற மாட்டையும் சந்தையில் அவர் பக்கத்தில்கூடச் சேர்ப்பதில்லை. "ஒடம்புல என்னமோ பத்தலீங்க, அதான் கண்டதையும் கடிக்குது" என்று விலையைப் பாதியாக்கிவிடுவார். சந்தையில் தெரிந்தது வீட்டில் ஏன் தெரியவில்லை? செருப்போடு சேர்த்து அதையும் வாசலில் கழற்றி விட்டுவிட்டு வருவாரோ என்னவோ.

ஏழாவது மாதத்தில் கிராம சுகாதார செவிலியர் டெய்சி வீட்டுக்கே வந்துவிட்டார். கோவை நகரத்துக்காரர், ஸ்கூட்டரில் வருகிறவர், உரக்கப் பேசுகிறவர். முந்தைய வாரம் ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டும் வர்ஷினி போகவில்லை. நடந்தால் கால் வீங்குகிறது என்று சொல்லி அனுப்பியிருந்தாள். "நீங்க வரலீன்னா நான் வாரேன். ரத்தம் உங்களோடது, நடை என்னோடது" என்று சொல்லிக்கொண்டே டெய்சி வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார்.

தம்பிதுரை தொழுவத்து வாசலில் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார். பெண்கள் விஷயம் என்று வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் டெய்சி இடது கையால் வர்ஷினியின் தலையைப் பிடித்துக்கொண்டு, வலது பெருவிரலைக் கண்ணுக்குக் கீழே கொண்டுபோனபோது, அவர் தலை தானாகத் திரும்பிவிட்டது. முப்பது வருடத் தொழில். அந்தப் பெருவிரல் அசைவு எங்கே தெரிந்தாலும் அவருடைய கண் அங்கே போகும். ரப்பை இறங்கியது. காலை வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. சிவப்பு என்பதே இல்லை. உடைத்துக் காயவைத்த தேங்காய்ப் பருப்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது.

அரிவாள் சோளத்தட்டின்மேலேயே நின்றுவிட்டது. சந்தையில் என்றால் அந்த நிமிடமே விரலைத் துடைத்துக்கொண்டு நகர்ந்திருப்பார்.

டெய்சி விரல் நுனியில் குத்தி, ரத்தத்தைக் கருவியில் வைத்துப் பார்த்தார். "ஆறு புள்ளி நாலு" என்றார். குரலில் இருந்த சத்தம் இறங்கியிருந்தது. "பதினொண்ணாச்சும் இருக்கோணும் அம்மணி. மாத்திரை சாப்பிடறீங்களா, இல்லையா?"

வர்ஷினி தலை குனிந்துகொண்டாள்.

"படிச்ச புள்ளதானே நீங்க?"

"படிச்சேனுங்க சிஸ்டர். ஆயுதம் போட்டு இழுக்கறப்ப எப்படி இருக்கும்னு அந்தப் பொஸ்தகத்துல இல்லீங்க" என்றாள் வர்ஷினி.

மாரியாத்தாள் உள்ளேயிருந்து குறுக்கே வந்தார். "கொழந்த பெருத்துப்போச்சுன்னா மறுபடி அதே பாடுதானுங்களே நர்சம்மா? அவியளும் அதையேதான் சொன்னாங்க. மாட்டுக்கெல்லாம் அப்படித்தானாமுங்க." அவியள் என்று அவர் கையைக் காட்டிய இடத்தில் தம்பிதுரை நின்றுகொண்டிருந்தார்.

அவர் கிட்டே வந்தார். வாசலில் மருமகள் உட்கார்ந்திருக்கும்போது அவர் அந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் முறை. வர்ஷினி எழுந்திருக்கப் பார்த்தாள். டெய்சி தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"ரப்பை வெளுத்திருக்குதுங்களே" என்றார் தம்பிதுரை.

"தெரியுதுல்லங்க?"

"தெரியுதுங்க. ஆனாச் சினைமாட்டுக்குத் தீனியக் கொறைக்கறதுதானுங்க நல்லது?"

"கொறைப்பீங்க, சரி. ரப்பை வெளுத்த மாட்டுக்குக் கொறைப்பீங்களா?"

"மாட்டனுங்க" என்றார்.

"அவ்வளவுதாங்க சங்கதி." டெய்சி மறுபடி சத்தமாகப் பேச ஆரம்பித்தார். "இந்த மாத்திரைல கொழந்த ஆனையாட்டமெல்லாம் பெருக்காது. இது ரத்தத்துக்கு. தாய்க்கு ரத்தம் இல்லாட்டிக் கொழந்த எளைச்சுத்தான் போகும், மாசத்துக்கு முந்தியே பொறந்தாலும் பொறக்கும். அத விடுங்க. பிரசவத்துல யாருக்குன்னாலும் கொஞ்சம் ரத்தம் போவும். மத்தவங்க தாங்கிக்குவாங்க. இவங்களுக்கு அந்தக் கொஞ்சம் போனாலே உசுருக்கு ஆபத்து. போறதுக்கு ஒடம்புல ஏதாவது இருக்கோணுமில்லீங்க?" இனி மாத்திரை மட்டும் போதாது, அரசு மருத்துவமனைக்குப் போய் ஒருநாள் விட்டு ஒருநாள் நரம்பு வழியாக இரும்புச் சத்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு டெய்சி கிளம்பினார்.

அடுத்த சந்தையில் தம்பிதுரை மந்தமாக இருந்தார். இரண்டு மாட்டைப் பார்த்துவிட்டு டீக்கடைப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார். மைதீன் பிச்சை பக்கத்தில் வந்து, "என்னண்ணா, இன்னிக்கு உங்க ரப்பைய நான் இழுத்துப் பாக்கோணுமாட்டத் தெரியுது?" என்றார்.

தம்பிதுரை சிரிக்கவில்லை. "பாய், உங்கூட்டுல மருமகப் புள்ள எப்பச் சாப்புடும்?"

"இதென்ன கேள்வி? எல்லாரும் தின்னப்பொறவு…" என்று ஆரம்பித்த மைதீன் பிச்சை நிறுத்தினார். டீயை ஊதினார். "தெரியலீங்கண்ணா. நான் பாத்ததில்ல."

"நானும் பாத்ததில்ல" என்றார் தம்பிதுரை.

ஆலையில் அருண்குமாருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மூத்த குழந்தையை விட்டு மாரியாத்தாளால் நகர முடியாது. ஆகவே மருமகளை அழைத்துக்கொண்டு தம்பிதுரைதான் போக வேண்டியதாயிற்று. பேருந்தில் அவள் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். அவர் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, அவள் பின்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, எங்கே இறங்க வேண்டும் என்பதை அவர் நடத்துநரிடம் சொல்ல, நடத்துநர் அவளிடம் சொன்னார். மருத்துவமனையில் அவள் கையில் ஏறிய திரவம் கருப்பட்டிக் காப்பியின் நிறத்தில் இருந்தது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த தம்பிதுரை, "ஏனுங்க, அது பழைய ரத்தமுங்களா?" என்று செவிலியரைக் கேட்டார். "இல்லீங்க பெரியவரே, இரும்புச் சத்து" என்று சொல்லிவிட்டு அவர் போனபிறகும், பாட்டிலில் சொட்டு இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது பேருந்து நிலையத்தில் வெயில் கொளுத்தியது. வர்ஷினி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் கேட்க வேண்டும். கேட்டுச் சொல்ல மாரியாத்தாள் இல்லை, நடத்துநரும் இல்லை. சுற்றிலும் சுவரும் இல்லை. தம்பிதுரை தொண்டையைச் செருமிக்கொண்டு, தெரிந்த ஒரே குரலில் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, தலை சுத்துதுங்களா? கொஞ்சம் உக்காருங்க."

வர்ஷினி திரும்பிப் பார்த்தாள். தொழுவத்தில் நாள்தோறும் கேட்கிற குரல் அது. உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இல்லீங்க மாமா. பசிக்குதுங்க" என்றாள்.

அவர் போய் ஒரு சீப்புப் பழமும் கடலைமிட்டாயும் வாங்கி வந்து பெஞ்சில் வைத்தார். வைத்துவிட்டுத் தூரமாகப் போய், மேட்டுப்பாளையம் வண்டி எப்போது என்று தனக்குத் தேவையில்லாத ஒன்றை யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது மூன்று தோல் கிடந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் சில விஷயங்கள் மாறின. மாத்திரை சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சாப்பாட்டு மேசைக்கு வந்தது. டீயோடு போட்டால் உடம்பில் ஒட்டாது, சாப்பிட்டபின் தண்ணீரில்தான் போட வேண்டும் என்று டெய்சி சொன்னதைத் தம்பிதுரை பிடித்துக்கொண்டார். "டீத்தண்ணியோட வேண்டாம்னு சொல்லு" என்று கூடத்திலிருந்து தினமும் சத்தம் வரும். முருங்கைக்கீரையும், ரத்தம் ஊறுமென்று சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரலும் வாங்கி வந்தார். மாரியாத்தாள் முனகினார்: "ஒரு பக்கம் மாத்திர, ஒரு பக்கம் பாட்டிலு, ஒரு பக்கம் சுவரொட்டி. கொழந்த எந்திரிச்சு நடந்தே வரப்போவுது, பாருங்க." ஆனால் சமைத்துப் போட்டார். என்ன, சுவரொட்டி வறுவலை முதலில் தம்பிதுரையின் தட்டில்தான் வைத்தார். ஞாயிறு என்றால் அடுத்தது அருண்குமார். அப்புறம் குழந்தை. எல்லோரும் எழுந்தபின் சட்டியில் ஒட்டியிருந்ததில் சோற்றைப் போட்டுப் பிரட்டி வர்ஷினி சாப்பிட்டாள். வாங்கி வந்தவர் அவர்தான். யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அடுப்படிக்குள் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

எல்லாப் பாட்டிலும் ஏறி முடிந்தபோது ரத்த அளவு எட்டரைக்கு வந்திருந்தது. "இன்னும் ஏறோணும். ஆனாப் பரவால்ல, நாள் இருக்குது" என்றார் டெய்சி. நாள் இருக்கவில்லை. சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்னாலேயே, ஒரு மத்தியான வேளையில் வர்ஷினிக்கு வலி கண்டது.

அரசு மருத்துவமனையில் குழந்தை சுலபமாகவே பிறந்தது. ஆயுதம் தேவைப்படவில்லை. பெண். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது, மூத்ததைத் தோப்புப் பெண்களிடம் விட்டுவிட்டு வந்திருந்த மாரியாத்தாள், "அய்யோ, கோழிக்குஞ்சாட்ட இருக்குதே" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டார். பெருத்துவிடும் என்று பயந்த குழந்தை அது.

கதவு மறுபடி திறந்தது. இந்த முறை டாக்டரே வந்தார். கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தம் போகிறது, மருந்து போட்டுக்கொண்டிருக்கிறோம், ஏற்கெனவே ரத்தம் குறைவான உடம்பு, இரண்டு பாட்டில் உடனே ஏற்றுகிறோம் என்றார். "வங்கியில இருக்கறதக் குடுக்கறோம். பதிலுக்கு நீங்க ரெண்டு பேராவது குடுத்தா இன்னொருத்தருக்கு ஆகும்." தம்பிதுரை மைதீன் பிச்சைக்குப் போன் போட்டார். "பாய், ரத்தம் வேணும்" என்று மட்டும் சொன்னார். மைதீன் பிச்சை மாட்டை யார் கையிலோ கொடுத்துவிட்டுச் சாணிக் காலோடு வந்து சேர்ந்தார். அருண்குமார் கோவையிலிருந்து வந்துகொண்டிருந்தான்.

ரத்த வங்கியில் இருந்த பெண் தம்பிதுரையின் விரலில் குத்தினாள். வயது கேட்டாள். "அம்பத்தெட்டுங்க. என் ரத்தத்தத்தான் மருமகப் புள்ளைக்கு ஏத்துவீங்களா அம்மணி?"

"இல்லீங்க ஐயா, அவங்களுக்குச் சேர்ற ரத்தம் ஏற்கெனவே போயிருச்சு. உங்களோடது வங்கிக்கு." கருவியைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. "அட, பதினஞ்சு புள்ளி ரெண்டு! இந்த வயசுல சூப்பர் ரத்தமுங்க உங்களுக்கு."

மைதீன் பிச்சை தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மணி" என்றார் தம்பிதுரை, "ஒரே ஊட்டுல, ஒரே சட்டிச் சோறு தின்னா, எல்லார்த்துக்கும் ஒரே அளவுதானுங்களே இருக்கோணும்?"

"ஆம்பளைங்களுக்குக் கொஞ்சம் கூடத்தாங்க இருக்கும். ஏங்க, உங்க மருமகளுக்கு எவ்வளவு இருந்துச்சு?"

"ஆறு சில்லறை."

ஊசியைப் பிரித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கையை நீட்டச் சொன்னாள். படுத்தபடி, தன் கையிலிருந்து கறுஞ்சிவப்பாக ஓடுகிற குழாயைத் தம்பிதுரை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த மைதீன் பிச்சைக்கு மட்டும் கேட்கும்படி, "ஊட்டுல நானொருத்தன்தான் தின்னுருக்கறனாட்ட இருக்குது, பாய்" என்றார்.

சாயங்காலம் ரத்தப்போக்கு நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டாவது பாட்டில் ஏறி முடிந்தபோது வர்ஷினி கண் திறந்து தண்ணீர் கேட்டாளாம்.

மறுநாள் மதியம் பார்வையாளர் நேரத்தில் உள்ளே விட்டார்கள். வர்ஷினி தலையணையில் சாய்ந்திருந்தாள். குழந்தையைச் சூட்டுக்காக அவள் மார்போடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். அருண்குமார் மருந்து வாங்கப் போயிருந்தான். மாரியாத்தாள் தூக்குப்போசியைத் திறந்து தட்டு வைத்து, சோறும் கீரையும் சுவரொட்டியும் பரிமாறி, எப்போதும்போலத் தம்பிதுரையிடம் நீட்டினார். நேற்றிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

தம்பிதுரை தட்டை வாங்கினார். வாங்கிக் கட்டிலோரத்துச் சிறிய அலமாரிமேல், வர்ஷினியின் கைக்கு எட்டும்படி வைத்தார்.

"அது உங்களுக்குங்க. அவளுக்கு அப்பறமாப் போடறேன்" என்றார் மாரியாத்தாள்.

"அம்மணி சாப்பிடட்டும்."

"நீங்க சாப்பிடாம அவ எப்புடீங்க…"

வர்ஷினி தட்டைத் தொடவில்லை. மாமனார் நிற்கும்போது அவர் முன்னால் வாயில் சோறு வைக்க அவளுக்குக் கை வரவில்லை. "மாமா, நீங்க மொதல்ல…" என்று மெதுவாகச் சொன்னாள். தம்பிதுரை வாசல் பக்கம் இரண்டடி நடந்து நின்றார். வெளியே போய்விட்டால் மாரியாத்தாள் அந்தத் தட்டை மூடி, அவருக்கென்றே எடுத்து வைத்துவிடுவார் என்று தம்பிதுரைக்குத் தோன்றியிருக்க வேண்டும். திரும்பி வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலைத் தூக்கி, சுவருக்கு நேராகத் திருப்பிப் போட்டு, மருமகளுக்கு முதுகைக் காட்டியபடி அதில் உட்கார்ந்துகொண்டார்.